எந்த மாதம்

நாலு பக்கம். ஸ்டேப்ளர் முள் இரண்டு.
"பழைய ஐஸ் பெட்டிகளை அடியோடு மாற்றுவது குறித்து"
என்று தொடங்குகிறது பாடலீஸ்வரனின் கடிதம்.
எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை.
கடைசியில் எனக்கென்று ஒரு கோடு,
"பரிந்துரைக்கிறேன்" என்பதற்கும் என் பெயருக்கும் நடுவில்.

கடலூர் முதுநகர். துறைமுகத்துக்குப் பின்வாசல்.
அரவை இயந்திரம் ஐஸ் கட்டியைக் கடிக்கிறபோதெல்லாம்
மேசையில் என் டீ வட்டம் வட்டமாக நடுங்குகிறது.
அந்த நடுக்கத்தில்தான் படிக்கிறேன்:

"புதிய பெட்டியில் உருகல்
நாற்பது சதவீதம் குறைகிறது."

நாற்பது.
கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி ஓர் எண்.
எத்தனை பெட்டியில்?
வெயிலில் வைத்தா, கிடங்குக்குள் வைத்தா?
பக்கத்திலேயே படம் வரைந்திருக்கிறார்:
நீலத்தூண் ஆள் உயரம், சிவப்புத்தூண் முழங்கால் உயரம்.
ஸ்கேல் வைத்த பிறகுதான் தெரிகிறது,
அடிக்கோடு பூஜ்யத்தில் இல்லை,
ஐம்பதில் நிற்கிறது.

"வாடிக்கையாளர்கள் பெரிதும் வரவேற்கிறார்கள்."
பன்மை.
மேற்கோள் என்னவோ ஒன்றுதான்:
"அருமையான பெட்டி." லாரன்ஸ் பிரகாசம், புதுச்சேரி.
பெட்டி விற்பவரின் தங்கையைக் கட்டியவர்.
லாரன்ஸ் பொய் சொல்கிற ஆள் இல்லை,
பெட்டி அருமையாகவேகூட இருக்கலாம்.
ஆனாலும், பந்தியில் போய்ப் பெண் வீட்டாரிடமே
சாம்பார் எப்படி என்று கேட்ட கதை.

கேட் பதிவேட்டைப் புரட்டினேன்.
நவம்பர் முப்பது, உள்ளே பத்து.
டிசம்பர் மூன்று, வெளியே ஒன்பது.
மூன்றாம் எண் கூண்டு ஏற்றியிருந்த வாரம்.
படகு ஒன்றும் போகவில்லை,
பெட்டிக்குள் மீனே இல்லை,
வானமே மூடிபோட்ட பெட்டியாக இருந்த
மூன்று நாள்.

சிவப்புப் பேனாவைத் திறந்தேன்.
மூடிவிட்டேன்.

போன வருஷம் நான் எழுதியது:
"பெண் ஊழியர்கள் அனைவரும்
இரண்டாம் ஷிஃப்டுக்கு வேன் கேட்கிறார்கள்."
அனைவரும்.
வளர்மதியிடம் கேட்டேன். அப்புறம் என்னிடம் கேட்டேன்.
வேன் வந்தது. தினமும் நிறைந்துதான் போகிறது.
அதனால்தான் அந்தச் சொல்
இன்னும் தொண்டையில் நிற்கிறது, நெத்திலி முள்ளாக:
முடிவு சரியாக இருந்துவிட்டது,
நான் எண்ணியிருக்கவில்லை.

அஞ்சாபுலியைக் கூப்பிட்டேன்.
பழசு ஒன்று, இங்கேயே தங்கிவிட்ட புதுசு ஒன்று,
ரெண்டிலும் ஐம்பது கிலோ,
பதினொரு மணிக்கு, ஜெட்டியில், ஜூன் வெயிலில்.
"எதுக்கும்மா? பாத்தாலே தெரியுதே."
"என்ன தெரியுது?"
"புதுசுல மூடி சரியா ஒக்காரல. பழசு அடியில ஒழுவுது."
நாலு பக்கத்தில் இல்லாத
ரெண்டு வரி.

நாலு மணிக்கு எடை போட்டோம்.
பழசில் முப்பத்தொன்று, புதுசில் முப்பத்தைந்து.
குறைந்துதான் இருக்கிறது.
கால்குலேட்டர் இருபத்தொன்று என்றது.
ஒரு நிமிஷம் அந்த எண்ணைப் பார்த்து
எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்:
"ஒரே ஜோடி. ஒரே நாள்.
நடுவில் புதுசின் மூடியை மூன்று முறை திறந்தோம்,
இரண்டு முறை என் அவசரத்தால்.
நாற்பதை நம்ப வேண்டாம். என் இருபத்தொன்றையும்.
பத்துப் பெட்டி, மீனோடு, ஆகஸ்ட் வரை பார்க்கலாம்.
மூடியை மாற்றித் தரச் சொல்லவும்."
கோட்டைக் காலியாகவே விட்டேன்.

பாடலீஸ்வரன் வாசலில் நின்றபடியே படித்தார்.
"அப்போ இது ஆமாவா மேடம், இல்லையா?"

ஜெட்டியில் இரண்டு பெட்டியையும் கவிழ்த்திருந்தார்கள்.
எது எதனுடைய தண்ணீர் என்று
இனி யாராலும் பிரிக்க முடியாதபடி
சேர்ந்தே ஓடியது
உப்பனாற்றுக்கு.